தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை

“தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, உள்ளே படுத்திருக்கிறார். பார்த்துவிட்டு வரலாமா?” என்று கேட்டார் எங்கள் வழிகாட்டி இளைஞர். அவர் சொன்ன சொல் ‘சாக்கிட்’. நம் ஊர் மலாயில் உள்ள அதே சொல்தான். ஆனால் அந்தத் தாத்தா இறந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், தெற்குப் பகுதி மலைகளில் வாழ்கிறார்கள் தொராஜா மக்கள். மக்காசார் நகரில் இரவுப் பேருந்து ஏறினால், வளைவு வளைவாக மலையேறி விடியும்போது ரந்தெபாவோ ஊரில் இறக்கிவிடுவார்கள். வயல்களுக்கு நடுவே, இரு முனையும் வானைப் பார்த்து வளைந்த கூரையோடு ‘தோங்கோனான்’ என்னும் பரம்பரை வீடுகள். முகப்புத் தூணில் எருமைக் கொம்புகளை மேலிருந்து கீழாக வரிசையாய்க் கட்டியிருப்பார்கள். அந்தக் குடும்பம் இதுவரை எத்தனை சாவுகளை எவ்வளவு சிறப்பாகச் செய்தது என்பதற்கு அதுதான் கணக்கு.

தாத்தாவின் அறையில் சுவரில் சிலுவை தொங்கியது. இன்று தொராஜா மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆனாலும் முன்னோர் வழி அவர்களை விட்டுப் போகவில்லை. சிவப்புத் துணி போர்த்திய பெட்டிக்குள் தாத்தா. பக்கத்தில் ஒரு தட்டுச் சோறு, ஆவி பறக்கும் காப்பி, ஒரு சிகரெட். பாட்டி குனிந்து, “மலேசியாவிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார்” என்று அவரிடம் சொன்னார். துர்நாற்றம் எதுவும் இல்லை. முன்பு மூலிகைகளால் உடலைப் பதப்படுத்தினார்கள், இப்போது ஃபார்மலின் ஊசி போடுகிறார்கள்.

இறுதிச் சடங்கு நடக்கும்வரை அவர் ‘தொ மகுலா’, அதாவது நோயாளி. சடங்கில் முதல் எருமை அறுபடும்போதுதான் அவர் இறந்தவர் ஆகிறார். அதுவரை வேளாவேளைக்குச் சாப்பாடு வைப்பார்கள், பேசுவார்கள், வீட்டில் முடிவெடுக்க வேண்டிய காரியத்தைக்கூட அவர் காதில் போட்டுவைப்பார்கள்.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. சுங்கை சிப்புட்டில் வெள்ளிக்கிழமை இரவு போனார். மறுநாள் மதியமே எடுத்துவிட்டார்கள். ஜொகூரில் வேலை பார்த்த நான் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி வந்து சேர்ந்தபோது, கூடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் யார் மீதும் குற்றமில்லை, முறை அப்படி. ஆனால் 14 மாதங்கள் காத்திருக்கும் ஒரு வீட்டில் நிற்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இவ்வளவு நாள் காத்திருப்பது ஏன்? பிரிய மனமில்லாதது ஒரு காரணம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர வேண்டும் என்பது இன்னொன்று. பெரிய காரணம் பணம். ‘ரம்பு சோலோ’ எனும் இறுதிச் சடங்கு பல நாள் நடக்கும். ஊரார் கைகோத்து வட்டமாக நின்று இறந்தவரின் வாழ்க்கையைப் பாடுவார்கள். எருமைகள்தான் ஆன்மாவை ‘புயா’ என்னும் மறு உலகத்துக்குச் சுமந்து செல்லும் என்பது நம்பிக்கை. மேல்குடிக் குடும்பம் என்றால் 24 எருமைகளோ அதற்கு மேலோ அறுப்பார்கள்.

விலையைத் தெரிந்துகொள்ள ரந்தெபாவோவின் போலு சந்தைக்குப் போனோம். எருமைகளை ஆளுக்கொரு பக்கம் குளிப்பாட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளி எருமைக்குத்தான் மவுசு. ஒன்றே 10 கோடி ரூப்பியாவைத் தாண்டிப் போகும். நம் பணத்தில் சுமார் 25,000 ரிங்கிட்! ஒரு நல்ல கார் வாங்க முன்பணம் கட்டிவிடலாம் என்று என் மனக்கணக்கு ஓடியது.

சடங்குக்கு உறவினர்கள் எருமையும் பன்றியும் கொண்டு வருவார்கள். யார் என்ன கொண்டு வந்தார் என்பதை எழுதி வைத்து, அவர் வீட்டுச் சாவுக்கு அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டுத்தான். என்ன, அப்பா வாங்கிய எருமைக் கடனைப் பேரன்கூடத் தீர்க்க வேண்டி வரும்.

வழிகாட்டி இளைஞரின் வீட்டில் ஆறு எருமைகள் என்று முடிவாகியிருந்தது. அவருடைய அண்ணன் கலிமந்தானில் வேலை செய்து பணம் அனுப்புகிறார். தங்கைக்கு மக்காசாரில் தாதிமைப் படிப்பு படிக்க ஆசை. “கட்டணத்துக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “ஒரு எருமையைக் குறைத்தால் முதல் வருடக் கட்டணம் வந்துவிடும். ஆனால் எந்த எருமையை என்று பாட்டியிடம் யார் கேட்பது?” என்று சிரித்தார். அது முழுச் சிரிப்பாக இல்லை. எருமையைக் குறையுங்கள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. கடன் வாங்கி மண்டபம் எடுத்துக் கல்யாணம் செய்த நான் எந்த முகத்தோடு சொல்வது?

சடங்கு முடிந்ததும் தாத்தா லோண்டா குகைக்கோ, பாறையைக் குடைந்த கல்லறைக்கோ போவார். லெமோ ஊரின் செங்குத்துப் பாறையில் ‘தௌ தௌ’ எனும் மரப்பொம்மைகள், இறந்தவர்களின் சாயலில், கையை நீட்டிக்கொண்டு வரிசையாய் நின்று வயலைப் பார்க்கின்றன. பழைய பொம்மைகளில் பலவற்றைத் திருடிக் கலைப்பொருள் சந்தையில் விற்றுவிட்டார்கள்.

கிளம்பும் நாளில் விடைபெற அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி ஒரு பொட்டலம் தொராஜா காப்பித்தூள் கொடுத்து, தாத்தாவிடமும் சொல்லிக்கொண்டு போகச் சொன்னார். அறை வாசலில் தயங்கி நின்றேன். சாவு வீட்டில் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பாட்டி சொல்லிக்கொடுத்தது. சொல்லாமல் வந்தால், இங்கே ஒரு நோயாளியை அவமதித்ததாகிவிடும்.

“போய் வருகிறேன், தாத்தா” என்றேன். பாட்டி அவர் பக்கம் குனிந்து, அதைத் தொராஜா மொழியில் இன்னொரு முறை சொன்னார்.