உம்மாவுக்கு வேலை இல்லையா?



சென்ற வாரம் தரம் 8 பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். 'எனது குடும்பம்' என்று தலைப்பு. ஒரு பிள்ளை எழுதியிருந்தா: "மை ஃபாதர் இஸ் எ ட்ரைவர். மை மதர் ஹேஸ் நோ வேர்க்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் சரி போட எங்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டோம்.

"உம்மா என்ன செய்றா மகள்?"

"ஒண்டும் இல்ல டீச்சர். வீட்ட சும்மாதான் இரிக்கா."

"காலையில எத்தின மணிக்கு எழும்புவா?"

"சுபஹ் பாங்குக்கு முதலே எழும்பிருவா."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சமையல், தம்பியைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்துவது, படுக்கையில் இருக்கும் மூத்தம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது, உடுப்புக் கழுவுவது, எல்லோரும் படுத்த பிறகு குசினியை ஒதுக்குவது. சொல்லச் சொல்லப் பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது.

அன்றைய பாடத்தை மாற்றி, கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினோம். ஜொப், வேர்க்.

நாம் பேச்சில் இரண்டையும் 'வேலை' என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படியல்ல. ஜொப் என்பது பெரும்பாலும் சம்பளத்துக்குச் செய்யும் தொழில். அதை எண்ணலாம்: எ ஜொப், டூ ஜொப்ஸ். அதில் சேரலாம், விலகலாம், ஓய்வும் பெறலாம். வேர்க் என்பது உழைப்பு. இந்தப் பொருளில் அதை எண்ண முடியாது. அதனால்தான் பிள்ளைகள் எழுதும் "மெனி வேர்க்ஸ்" பிழை; "எ லொட் ஒஃப் வேர்க்" என்பதே சரி. சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேர்க்தான். ஹோம்வேர்க், ஹவுஸ்வேர்க் இரண்டிலும் இருப்பது அந்தச் சொல்லே. வீட்டுப் பாடத்துக்கு யாரும் காசு தருவதில்லையே!

ஆங்கிலமும் சில இடங்களில் கலக்கும். தொழில் இழந்தவரை "அவுட் ஒஃப் வேர்க்" என்பார்கள். ஆனால் 2013இல் ஜெனீவாவில் நடந்த தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு இதைத் தெளிவாகப் பிரித்தது. கூலிக்கோ இலாபத்துக்கோ செய்வது எம்ப்ளொய்மென்ட். சொந்த வீட்டாருக்குச் சமைப்பதும் பராமரிப்பதும் சேர்ந்தது வேர்க்.

அந்தப் பிள்ளை தன் வசனத்தைத் தானே திருத்தினா: "மை மதர் டஸ் நொட் ஹேவ் எ ஜொப். ஷீ ஹேஸ் எ லொட் ஒஃப் வேர்க்."

பெரிய சரி ஒன்று போட்டோம்.

ஆனால் பிழை பிள்ளையுடையது மட்டுமா? மாணவர் விபரப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்துக்கு இத்தனை வருடமாக ஒரு கோடு இழுத்து வந்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். "வீட்டில சும்மாதானே இரிக்கா" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்பவர்களும் நாமேதான். பிள்ளை கேட்டதைத்தான் ஆங்கிலத்தில் எழுதியது.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு வேலை கொடுங்கள். உம்மா ஒரு நாளில் செய்வதை நேரத்தோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுதினாலும் போதும். எழுதி முடித்ததை வாப்பாமாரும் ஒருமுறை வாசியுங்கள்.