கப்பல்ல பகல்ல என்னத்தக் கட்டிக்கிறது?

குடிதண்ணிக்கே குடத்தத் தூக்கிட்டு அலைஞ்ச ஊரு எங்க திண்டுக்கல். அந்த ஊர்க்காரன் கடல்ல என்ன டிரஸ் போடணும்னு பதிவு எழுதறான்னா சிரிப்புதான் வரும். சிரிச்சு முடிச்சுட்டுப் படிங்க மக்களே. அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போற ஐடியா இருந்தா உதவும்.

2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல முதல்வர் ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பி வச்சாரே, கார்டிலியாவோட எம்ப்ரஸ் கப்பல், அதுக்கப்புறம்தான் சொகுசுக் கப்பல்ங்கற பேச்சு எங்கள மாதிரி ஆணி புடுங்கற ஆளுங்க நடுவுல அடிபட ஆரம்பிச்சுது. போனஸ் வந்ததும் நானும் கப்பல் டிக்கெட் போட்டேன். ஊருக்கு போன் பண்ணி சொன்னா, அம்மாகிட்டேர்ந்து வந்த முதல் கேள்வி: "அங்க எல்லாரும் அரை டவுசரோட திரிவாங்களாமேடா, நான் என்னத்தக் கட்டிக்கிட்டு வர்றது?"

அப்பா இன்னும் ஒரு படி மேல. 2014 ஜூலைல வேட்டி கட்டினதுக்காக ஐகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமனை சென்னையில ஒரு கிரிக்கெட் கிளப்ல உள்ள விடலையே, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் போட்டாங்க. வேட்டி கட்டினவரத் தடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம். சட்டம் வந்தது அப்பாவுக்கு மறந்து போச்சு, உள்ள விடாதது மட்டும் மறக்கல. "ஜட்ஜையே விடலடா, என்னைய விடுவானா? நீங்க போய்ட்டு வாங்க" அப்படின்னுட்டார். டிக்கெட்டே கேன்சல் ஆகற நிலைமை.

அப்புறம் கப்பலோட விதிமுறைய எடுத்து வரிவரியாப் படிச்சேன். பொதுவா எந்தக் கப்பலானாலும், பகல்ல கெடுபிடி ரொம்பக் குறைவு. கோட்டு சூட்டு சமாச்சாரமெல்லாம் சில ராத்திரி விருந்துக்குத்தான். பகல்ல அவங்க சொல்றது ரெண்டே ரெண்டுதான். ஈர நீச்சல் உடையோட, வெறுங்காலோட சாப்பாட்டு ஹாலுக்கு வராதீங்க. குளத்துல இறங்கணும்னா நைலான், லைக்ரா மாதிரி துணி போடுங்க. சேலை, வேட்டி கூடாதுன்னு எங்கயும் இல்ல. இதப் படிச்சுக் காட்டின பிறகுதான் அப்பா பெட்டியவே எடுத்தார்.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்க ஊரு வெயிலு வறண்ட வெயிலு. வேர்வை வந்த வேகத்துல காய்ஞ்சிரும். கடல்ல ஈரக்காத்து, லேசுல காயாது. பாலியஸ்டர் போட்டா முதுகோட ஒட்டிக்கும். பருத்திதான் சரி. சின்னாளபட்டி சுங்குடிச் சேலை நாலு எடுத்து வச்சாங்க அம்மா. லேசான துணி, மடிச்சா இடம் அடைக்காது. பட்டு வேண்டவே வேண்டாம், உப்புத் தண்ணி தெறிச்சா கறை.

அடுத்தது காத்து. கப்பல் 15 நாட் வேகத்துல போகுதுன்னா மணிக்கு 28 கிலோமீட்டர். காத்தே அடிக்காத நாள்ல கூட மேல் தளத்துல நின்னா அந்த வேகத்துல மூஞ்சில அடிக்கும். வேட்டி என்னாகும்னு நான் சொல்லணுமா என்ன :-) ஒட்டிக்கோ வேட்டி, மேல பெல்ட்டு, உள்ள அரைக்கால் டிராயர். அப்பா அப்படித்தான் மூணு நாளும் தளத்துல நடை போட்டார். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. முந்தானைக்கும் கண்டிப்பா ஊக்கு.

கஞ்சி போட்ட வேட்டிய அயர்ன் பண்ணிக்கலாம்னு நினைச்சுராதீங்க. தீப்பிடிக்கிற பயத்துல ரூமுக்குள்ள இஸ்திரிப் பெட்டிய பெரும்பாலான கப்பல்ல விடமாட்டாங்க. கசங்கினாலும் பரவாயில்லங்கற துணியா எடுத்துக்கோங்க.

வெளிய வேகும், உள்ள ஏசி நடுங்க வைக்கும். பெரியவங்களுக்கு ஒரு சால்வை பகல்லயும் கையிலயே இருக்கட்டும். தொப்பிக்கு கழுத்துக் கயிறு இல்லேன்னா அது கடலுக்குத்தான். தளம் ஈரமா இருக்கும், வழுக்காத ரப்பர் செருப்பு நல்லது. நடுவுல திருகோணமலை மாதிரி இடத்துல இறங்கி கோணேஸ்வரம் போறதா இருந்தா, அன்னிக்கு மட்டும் அரை டவுசருக்கு லீவு விட்டுருங்க.

முக்கியமான ஒண்ணு. ஏறுற அன்னிக்கு பெரிய பெட்டிய வாங்கிட்டுப் போய், ரூமுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மாத்திக்க ஒரு செட் துணி, மாத்திரை எல்லாம் கைப்பையில வச்சுக்கோங்க.

அம்மா குளத்துல இறங்கல. கரையோரம் சுங்குடிய கணுக்கால் வரைக்கும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, காலை மட்டும் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாங்க, ஒரு மத்தியானம் பூரா. ஒரு துணிப் பிரச்சனையில அது நடக்காமப் போயிருக்கும்.

அதனால உங்க வீட்லயும் "எங்களுக்கு எதுக்குப்பா அதெல்லாம்"னு சொன்னாங்கன்னா, வேற காரணத்தத் தேடறதுக்கு முன்னாடி டிரஸ்ஸப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அப்புறம் ஊக்கு ஒரு டஜன் வாங்கிருங்க, கப்பல்ல தேடி அலைய முடியாது.