டூப்பு அட்டை

1970களில் வியாசர்பாடிப் பையன்களுக்கு சிகரெட் அட்டைதான் காசு. பெட்டிக்கடை வாசலில் கிடக்கும் காலிப் பாக்கெட்டைப் பொறுக்கி, முன்பக்கத்தைக் கிழித்துச் சேர்ப்பார்கள். தரையில் வட்டம் போட்டு நடுவில் அட்டைகளை அடுக்கி, கல்லெறிந்து வெளியே தள்ளுபவனுக்கு அட்டை சொந்தம். எங்கேயும் கிடைக்கிற சார்மினாருக்கு மதிப்பு கம்மி. அபூர்வமாகக் கிடைக்கிற வெளிநாட்டு அட்டைக்கு மதிப்பு ஜாஸ்தி.

ஒருநாள் ஒரு பையன் வைத்த அட்டையில் சிவப்பு கொஞ்சம் வெளிறியிருந்தது. எழுத்தைச் சுற்றியிருந்த கோடும் மயிரிழை விலகியிருந்தது. "டேய், இது டூப்புடா!" என்றான் கூட்டாளி. கடை வாசலில் பொறுக்கினேன் என்று சத்தியம் பண்ணியும் யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. போனது ஒரு அட்டைதான், ஆனால் வந்தது 'திருடன்' என்ற பெயர்.

அந்த அட்டை உண்மையில் டூப்பா?

ஒரு படத்தின் எல்லா நிறங்களும் ஒரே அடியில் விழுவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட். ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். தாள் துளி நகர்ந்தாலும் கோடு விலகிவிடும், அச்சகத்தில் அதை 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார்கள். நிறம் மாறவும் காரணங்கள் உண்டு. மை கனமாக விழுந்தால் சிவப்பு அழுத்தமாகும், மெலிதாக விழுந்தால் வெளிறும். ஆஃப்செட்டில் தண்ணீர் கூடினாலும் வெளிறும். பாக்கெட்டுக்கென்று தனியாகக் கலக்கும் மை, டப்பாவுக்கு டப்பா லேசாக மாறலாம். மை உறிஞ்சாத தாளில் பளிச்சென்று தெரியும் நிறம், உறிஞ்சும் தாளில் மங்கிவிடும். வெயிலில் கிடந்தால் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும்.

இதெல்லாம் தூரத்து சமாச்சாரமில்லை. இம்பீரியல் டொபாக்கோ, அதாவது இன்றைய ஐடிசி, சிகரெட் பாக்கெட்டுக்காக 1925ல் அச்சுத் தொழிலில் இறங்கியது. அதன் அச்சு ஆலை ஒன்று வியாசர்பாடிக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூரில் இருக்கிறது!

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் பேஸ்பால் வீரர்களின் படம் வைத்துக் கொடுத்தார்கள். இன்று டி206 என்று அழைக்கப்படும் இவை 500க்கும் மேல். எல்லாம் லித்தோ அச்சு, நிறத்துக்கு ஒரு அடி. நடுவில் ஒரு நிறம் விழாமல் போன அட்டைகளை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். மேகீ என்ற வீரரின் பெயரில் எழுத்துப்பிழை வந்து, பிறகு திருத்தினார்கள். பிழை உள்ள அட்டைக்குத்தான் கிராக்கி. அங்கே பிழைதான் அசலுக்கு அடையாளம்!

வியாசர்பாடிப் பையன் பிறகு ஒரு சின்ன அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். மெஷின் ஓட ஆரம்பித்து முதலில் வரும் தாள்களைப் பார்த்தபோது அவனுக்குப் பழைய அட்டை ஞாபகம் வந்தது. அதே வெளிறல், அதே விலகல். நிறம் செட்டாகும்வரை அப்படித்தான் வரும், மெஷின்மேன் அவற்றை ஓரமாகத் தள்ளிவிடுவார். எப்போதாவது ஒன்றிரண்டு தப்பி வெளியே போய்விடும்.

அவன் இரண்டு தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டாளியைத் தேடிப் போனான். லென்ஸைக் கொடுத்து இரண்டையும் காட்டினான். கூட்டாளி ரொம்ப நேரம் பார்த்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்டா. நீங்கதான் கேக்கல."