ஆறு மாதமும் ஒரு நாளும்

பல் மருத்துவமனைகளுக்கான மென்பொருளில் ஏழு வருடங்களாக வேலை பார்க்கிறேன். அலுவலகம் தரமணியில். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அமெரிக்காவில். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அதுல என்னப்பா சாஃப்ட்வேர் வேண்டிக்கிடக்கு? பல்லு வலிச்சா போறோம், பிடுங்கிட்டு வர்றோம்" என்பார்கள். நியாயமான கேள்விதான். வலித்துப் போகிறவருக்கு மென்பொருள் தேவையில்லை, வலியே நாள் குறித்துக் கொடுத்துவிடும். எங்கள் வேலை முழுக்க வலிக்காதவர்களைப் பற்றியது.

அமெரிக்கப் பல் கிளினிக்கில் இரண்டு வகை நாற்காலிகள் உண்டு. ஒன்று டாக்டருடையது. சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, கிரவுன் எல்லாம் அங்கே. இன்னொன்று ஹைஜீனிஸ்ட்டுடையது. இவர் டாக்டரும் அல்ல, எடுபிடி உதவியாளரும் அல்ல. தனிப் படிப்பு படித்து, தனி உரிமம் வாங்கியவர். ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்கி, பல் காரையை நீக்குவார், எக்ஸ்ரே எடுப்பார், ஈறுகளை அளப்பார். டாக்டர் கடைசி ஐந்து பத்து நிமிடம் வந்து பார்த்துவிட்டுப் போவார். இந்தப் பிரிவுக்குத்தான் 'ஹைஜீன்' என்று பெயர். நன்றாக நடக்கும் கிளினிக்கின் வருமானத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இங்கிருந்து வரவேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. டாக்டரின் நாற்காலிக்குப் போகும் வேலைகளில் நிறைய, முதலில் ஹைஜீனிஸ்ட்டின் கண்ணில் பட்டவை.

இந்தத் தொழில் பிறந்த ஊர் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட். ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913இல் அதற்கென்று ஒரு பள்ளியே தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள், பல் துலக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வலி வருவதற்கு முன்னால் போய் நிற்பதற்கென்றே ஓர் ஆள். யோசித்துப் பார்த்தால் விசித்திரமான வேலைதான். வலிக்காத ஒருவரை எதைச் சொல்லி மறுபடி வரவழைப்பது?

*

அதற்கு அமெரிக்கா கண்டுபிடித்த பதில், 6 என்ற எண்.

எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு நோயாளிக்கும் 'மறுவருகை இடைவெளி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் தொடாவிட்டால் அதில் 6 மாதம் என்று தானாக நிரம்பிக்கொள்ளும். ஏன் ஆறு? உடற்கூறியலில் இதற்கு விடை இல்லை. 1929 முதல் பெப்சோடென்ட் பற்பசை வழங்கிய 'ஏமோஸ் அண்ட் ஆண்டி' வானொலி நிகழ்ச்சியை அமெரிக்காவே உட்கார்ந்து கேட்டது. தினமும் இருமுறை பெப்சோடென்ட், வருடத்துக்கு இருமுறை பல் மருத்துவர் என்ற அறிவுரை அதன் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு காப்பீட்டுக் கம்பெனிகளும் வருடத்துக்கு இரண்டு சுத்தம் என்று எழுதிவைத்தன. 1977இல் ஆப்ரி ஷெய்ஹம், லான்செட் இதழில், ஆறு மாதப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை உண்டா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 2004இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பெரியவர்களுக்கான இடைவெளி ஆளைப் பொறுத்து 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை இருக்கலாம் என்று வழிகாட்டியது. பிறகு அதே நாட்டில் 51 கிளினிக்குகளில் 2,372 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஆபத்து குறைந்தவர்களில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் ஈறில் ரத்தம் கசிவதில் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் இதே எண் வேறு சிலருக்கு மிக நீளம். 30 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களில் சுமார் 42 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருப்பதாக அந்நாட்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்குச் சிகிச்சை எடுத்தவர்களைப் பொதுவாக மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். ஆக 6 என்பது சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு.

இதில் எனக்குப் பிடித்த நகைச்சுவை ஒன்று உண்டு. சில காப்பீட்டுத் திட்டங்களில் இரண்டு சுத்தங்களுக்கு நடுவே முழுதாக ஆறு மாதம் கழிந்திருக்க வேண்டும். ஒரு நாள் முன்னால் வந்தாலும் பணம் வராது. அதனால் அடுத்த நாளைக் கணக்கிடும்போது நாங்கள் ஆறு மாதத்தோடு ஒரு நாளைக் கூட்டுவோம். மனித ஈறுக்கும் அந்த ஒரு நாளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

*

2022இல் மூன்று வாரம் ஒஹையோவில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மென்பொருளை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பாத ஹைஜீனிஸ்ட்டுகள் நாடு முழுக்க நிறைய. இங்கேயும் மூன்று நாற்காலிகளில் ஒன்று காலி.

கிளினிக்கின் உரிமையாளரான டாக்டருக்குப் புதிய நோயாளிகள் வேண்டும். இணைய விளம்பரத்துக்கும் அஞ்சல் அட்டைக்கும் மாதாமாதம் செலவழித்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பலகையில் அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 பேரில் 80 பேர் அடுத்த முறையும் வருகிறார்கள் என்றால் நல்ல எண்தானே? வராமல் போனவர்கள் திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் சுற்றில் 64, மூன்றாவதில் 51, நான்காவதில் 41. இரண்டு வருடத்தில் பாதிக்கு மேல் காணோம். 80ஐ 90 ஆக்கினால் நான்காம் சுற்றில் 66 பேர் மிச்சம். முன்வாசலில் எத்தனை பேரைக் கூட்டி வந்தாலும் கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடந்தால் வீடு நிரம்பாது. கோபித்துக்கொண்டு போனவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள், "வீட்டுக்குப் போய் காலண்டர் பார்த்துட்டு கூப்பிடுறேன்" என்று சிரித்தபடி வெளியே போனவர்கள்.

இந்த எண்களை நான் சென்னையிலிருந்தே எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒரு ஹைஜீனிஸ்ட் அம்மா இருந்தார். அவருடைய நோயாளிகள் மட்டும் காணாமல் போவதில்லை. ஏன் என்பது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. அனுமதி வாங்கி, அவருடைய அறையின் ஓரத்தில் ஒரு முழு நாள் நின்று பார்த்தேன்.

அவர் ஈறை அளப்பார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் அளக்க வேண்டும். மூன்று வரை சரி. நான்கென்றால் கவனிக்கணும். ஐந்து, ஆறென்றால் உள்ளே பிரச்சினை. எல்லா ஹைஜீனிஸ்ட்டுகளும் செய்வதுதான். ஆனால் இவர் தொடங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் விளக்குவார்: "நான் எண்களைச் சத்தமாகச் சொல்லப்போகிறேன். மூன்றும் அதற்குக் கீழும் நல்லது. நீங்களும் கேட்டுக்கொண்டே இருங்கள்." பிறகு ஓத ஆரம்பிப்பார். மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, ஐந்து, ரத்தம். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவரின் புருவம் அந்த இடத்தில் லேசாக உயரும். அவருக்கு யாரும் எதையும் விற்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த செய்தியை அவரே கேட்டுவிட்டார்.

அடுத்த நாள் குறிப்பதும் முன்மேசையில் நடக்காது, அந்த நாற்காலியிலேயே நடக்கும். "மார்ச்சில் அந்த ஐந்தை நான் திரும்ப அளக்கணும். அது நாலாகியிருக்கணும்" என்பார். சும்மா 'அடுத்த சுத்தம்' என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அப்புறம் ஓர் அஞ்சல் அட்டையை நீட்டி, நோயாளியையே முகவரி எழுதச் சொல்வார். குறுஞ்செய்தி வருவதற்கு முன்னால் அங்கே பல கிளினிக்குகளில் இருந்த வழக்கம் அது. மாதங்கள் கழித்து, ஒரு நாள் விளம்பரக் கட்டுகளுக்கு நடுவே தன் கையெழுத்தில் தனக்கே ஓர் அட்டை வரும். அதைப் படிக்காமல் யாராலும் குப்பையில் போட முடியாது. எங்கள் மென்பொருள் தானாகக் குறுஞ்செய்தி அனுப்பும், மின்னஞ்சல் அனுப்பும், போகாவிட்டால் மறுபடி அனுப்பும். அந்த அட்டைக்கு இணையாக எதையும் நாங்கள் இன்னும் எழுதவில்லை.

*

இந்தத் தொழிலுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. ஹைஜீன் பிரிவை வளர்க்க இரண்டு வழி. ஒன்று, வந்தவர்களை விடாமல் இருப்பது. இன்னொன்று, வந்தவர்களிடம் அதிகம் வாங்குவது. சாதாரண சுத்தத்தைவிட, ஈறுக்கு உள்ளே வேர்ப்பரப்பு வரை சுரண்டும் ஆழ்ந்த சுத்தத்துக்குக் கட்டணம் பல மடங்கு. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை. ஈறு நோய் உள்ளவருக்கு இது அவசியம். அவருக்கு மேலோட்டமாகச் சுத்தம் செய்து அனுப்புவது அலட்சியம். நோயில்லாதவருக்குச் செய்தால் கொள்ளை.

சில கிளினிக்குகளைச் சேர்த்து நடத்தும் ஒரு குழு எங்களிடம் ஒரு டாஷ்போர்டு கேட்டது. ஒவ்வொரு ஹைஜீனிஸ்ட்டும் எத்தனை சதவீத நோயாளிகளுக்கு ஆழ்ந்த சுத்தம் எழுதுகிறார் என்று வரிசைப்படுத்தி, காலைக் கூட்டத்தில் திரையில் காட்ட வேண்டுமாம். கீழே இருப்பவர் பெயர் சிவப்பில். அந்த சதவீதம் இரண்டு காரணத்தால் ஏறலாம். ஹைஜீனிஸ்ட் உண்மையிலேயே நோயைக் கண்டுபிடிக்கிறார், அல்லது மூன்றை ஐந்து என்று சொல்கிறார். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே கோடு. ரத்தக் கசிவும் எக்ஸ்ரேயில் எலும்பின் அளவும் பதிவாகாமல் அந்த எண்ணைத் தனியாகக் காட்டக்கூடாது என்று நாங்கள் எழுதி அனுப்பினோம். அவர்கள் வேறு நிறுவனத்திடம் போய்ச் செய்துகொண்டார்கள்.

ஒஹையோ அம்மாவிடம் வீடியோ காலில் இதைச் சொன்னேன். "பொய் சொன்ன எண்ணை அடுத்த முறை நான் எப்படி அளப்பது?" என்று மட்டும் கேட்டார். நோயாளி திரும்பி வருவார் என்று நினைப்பவருக்கு எண் சரியாக இருந்தாக வேண்டும். திரும்பி வரமாட்டார் என்று முடிவுகட்டியவருக்கு அந்தக் கவலை இல்லை.

*

கும்பகோணத்தில் அம்மாவுக்கு வயது 62, பதினைந்து வருடமாக சுகர். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது என்று போன வருடம் சொன்னார். ஸ்கேலிங் பண்ணிக்கோம்மா என்றால், "வேண்டாம்டா, அதப் பண்ணா நல்லா இருக்கற பல்லும் ஆட ஆரம்பிச்சிடும். மாமிக்கு அப்படித்தான் ஆச்சு" என்றார். நம் ஊரில் இந்த நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதில் ஓர் அரை உண்மையும் இருக்கிறது. எலும்பு கரைந்த பல்லைச் சுற்றியிருக்கும் காரை, சிமெண்ட் மாதிரி அதைப் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது.

கூட்டிப்போனேன். இளம் டாக்டர், நல்ல கைப்பக்குவம். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்ட் என்ற பிரிவு இருந்தாலும், நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் டாக்டரே எல்லாம். சுத்தம் செய்து முடித்துவிட்டு, "ஏதாவது ப்ராப்ளம்னா வாங்கம்மா" என்றார். அடுத்து எப்போது என்று சொல்லவில்லை. வெளியே வந்து அவரிடம் தனியாகக் கேட்டேன். "கூப்பிட்டா காசுக்காகக் கூப்பிடறான்னு நெனைப்பாங்க சார். நாமளே வரச் சொன்னா அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்க" என்றார்.

அவர் பயம் புரிந்தது. ஆனால் இதே அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரும் கூப்பிடாமல், சுகர் டாக்டரிடம் போகிறார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு, வெறும் வயிற்றில், முதல் டோக்கன் வாங்க. அங்கேயும் காசுதான். அங்கே ஏன் சந்தேகம் வரவில்லை? ஏனென்றால் அம்மாவிடம் ஓர் எண் இருக்கிறது. போன தடவை மூன்று மாதச் சராசரி 8.2. இந்தத் தடவை என்ன? அந்தக் கேள்வி அம்மாவுடையது. டாக்டர் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை, அம்மா தன் எண்ணைப் பார்க்கப் போகிறார். பல்லில் அவருக்கு அப்படி ஒன்றை யாரும் கையில் கொடுத்ததில்லை.

அடுத்த முறை போனபோது, அளவை அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டு, பிறகு தமிழிலேயே சொன்னார். கீழ் வலது கடைவாயில் ஆறு. ஈறு நோயும் சுகரும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் என்பதையும், ஈறு சரியானால் அந்தச் சராசரியும் சற்றுக் குறைய வாய்ப்பிருப்பதையும் சேர்த்துச் சொன்னார். அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஆறா? எவ்ளோ இருக்கணும்?" என்றார். மூணு என்றார் டாக்டர். அம்மா அதை சுகர் ஃபைலின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து வாங்க என்றதும் அம்மா கணக்குப் போட்டார். "அது ஆடில வருது. ஆடி வெள்ளி, கூழு, ஆயிரம் வேலை இருக்கும். ஆவணி பொறந்ததும் வரேன்."

வீட்டுக்கு வந்து, பால் கணக்குக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே, காலண்டரில் அவர் கையாலேயே எழுதினார்: 'பல்லு 6'. ஆவணி மூன்றாம் தேதி என்னை ஃபோனில் கூப்பிட்டு, ஹலோகூடச் சொல்லாமல், "அஞ்சுடா" என்றார்.