நாலு கம்பியும் எட்டு டபுள் பேஸும்

மக்கா, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளிப் போன பதிவு இது. தலைப்பைப் பாத்துட்டு ஏதோ டெக்னிக்கல் மொக்கைன்னு ஓடிடாதீங்க. கொஞ்சம் இசை, கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் சொந்தப் புலம்பல். அவ்வளவுதான்.

பேஸ் கிடார் வாசிக்கறவனுக்கு எந்தக் குழுவுலயும் பெருசா மரியாதை கிடையாது. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல பாடறவனுக்கு விசில், லீட் கிடார்காரனுக்கு ரெண்டு விசில். நமக்கு மட்டும் "மச்சி, அந்த ஒயரைக் கொஞ்சம் நகத்து". நாலு வருஷ இஞ்சினியரிங்ல நான் உருப்படியா கத்துக்கிட்டது இந்த நாலு கம்பியைத்தான்னு எங்க வீட்டுல ஒரு கருத்து நிலவுது :-)

சரி, மேட்டருக்கு வருவோம். வார இறுதியில கூடி மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கற ஒரு சின்ன அமெச்சூர் குழு. அதுல டபுள் பேஸ் வாசிச்சிட்டிருந்தவர் வேலை மாத்தலாகி வேற ஊருக்குப் போயிட்டார். "உன்கிட்ட பேஸ் இருக்குல்ல, வந்து உக்காரு"ன்னு கூப்பிட்டாங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு. ரெண்டுக்கும் நாலு கம்பி, ரெண்டுக்கும் ஒரே சுருதி: ஈ, ஏ, டி, ஜி. அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். எழுதியிருக்கறதுக்கு ஒரு ஸ்தாயி கீழ ஒலிக்கறதுகூட ரெண்டுக்கும் ஒண்ணுதான். டபுள் பேஸ் நோட்ஸை முன்னால வெச்சா அப்படியே வாசிச்சிடலாம். 1951-ல லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்ததே, ஆள் உயரப் பெட்டியைத் தூக்கிட்டு அலையறவங்க தோள்ல மாட்டிக்கற மாதிரி ஒண்ணு வேணும்னுதான். ஃப்ரெட் இருக்கறதால சுருதி துல்லியமா விழும், அதனாலதான் அந்தப் பேரே.

நாங்க எடுத்தது பாக்கெல்பெல்லோட கனான். மேல வயலின்கள் என்னென்னவோ ஜாலம் பண்ணும். கீழ அதே எட்டு சுரம், 28 தடவை. நம்ம பொட்டி தட்டற பாஷைல சொன்னா ஒரு ஃபார் லூப். ரெண்டாவது ஒத்திகை முடிஞ்சதும் குழுவுலயே மூத்த வயலின்காரர் பக்கத்துல வந்தார். நல்ல மனுஷன். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிக்கறது வாத்தியம் இல்ல, ஸ்பீக்கர்"ன்னார்.

சுருக்குன்னுச்சு. பத்து வருஷமா தோள்ல தொங்கற சாமான் ஆச்சே. ஆனா ராத்திரி யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னதுல பாதி உண்மை.

கம்பியைச் சுண்டின அந்த நொடிதான் சத்தம் உச்சம். அப்புறம் இறங்குமுகம்தான். வில் இருந்தா ஒரே சுரத்தைப் பூனை மாதிரி ஆரம்பிச்சு யானை மாதிரி வளத்துட்டுப் போகலாம். சிம்பொனில அடியிலேர்ந்து வெள்ளம் மாதிரி ஒண்ணு ஏறுமே, அது வில்லோட வேலை. வால்யூம் பெடலை மிதிச்சு ஓரளவு ஒப்பேத்தலாம். ஆனா உரசல்ல வர்ற அந்த உயிர் வராது.

அடுத்தது, சத்தம் எங்கேர்ந்து வருதுங்கறது. எஃகுக் கம்பி அதிருது, கீழ இருக்கற காந்தமும் சுருளும் அதை மின்சாரமா மாத்துது. ஃபாரடே கதை, ஸ்கூல்லயே படிச்சதுதான். மேடையில எட்டு டபுள் பேஸ் இருந்தா எட்டு மரப்பெட்டி காத்தை அசைக்குது. எட்டு பேரோட சுருதியும் மயிரிழை விலகி, எல்லாம் கலந்து அகலமா ஒரு சத்தம் வரும். நம்மளது ஒரு மூலையில ஒரே பெட்டி. கண்டக்டர் கையைத் தாழ்த்தினா அவங்க வில்லோட அழுத்தத்தைக் குறைப்பாங்க. நானும் விரலை மெதுவாப் போடலாம்தான். ஆனா மேடைக்கு என் அளவு என்னங்கறதைக் கடைசியில ஒரு குமிழ்தான் முடிவு பண்ணுது.

அப்போ செவ்வியல் இசையில பேஸ் கிடாருக்கு வேலையே இல்லையா? இருக்கு. ஆனா டபுள் பேஸ் இல்லாத குறைக்கு அதைக் கூப்பிடாத ஆளுங்ககிட்டதான் இருக்கு.

சோவியத் இசையமைப்பாளர் ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கேயோட ரெக்வியம், 1975. செத்தவங்களுக்கான லத்தீன் வழிபாட்டு இசை. அங்க அன்னிக்கு இதெல்லாம் லேசுல மேடையேறாது. அதனால ஷில்லரோட டான் கார்லோஸ் நாடகத்துக்கான பின்னணி இசைங்கற போர்வையில வந்துச்சு. பாடகர்களுக்குத் துணையா ஆர்கன், பியானோ, செலஸ்டா, டிரம்பெட், டிராம்போன், தாள வாத்தியங்கள், எலெக்ட்ரிக் கிடார், பேஸ் கிடார். வயலினும் கிடையாது, டபுள் பேஸும் கிடையாது. 'கிரெடோ' பகுதியில டிரம்ஸ் ராக் தாளத்துல இறங்கும்போது மாதா கோயிலுக்குள்ள தெரு நுழைஞ்ச மாதிரி இருக்கும். மயிர்க்கூச்செறியும்ங்க.

அடுத்தவர் நெதர்லாந்தோட லூயி ஆண்ட்ரீசன். சிம்பொனி ஆர்கெஸ்ட்ராங்கற அமைப்பு மேலயே கோவம். 1969-ல நண்பர்களோட போய் ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபௌவ்ல ஒரு கச்சேரியையே கலாட்டா பண்ணி நிறுத்தினவர். 1976-ல முடிச்ச 'டி ஸ்டாட்'ல வயலின், செல்லோ, டபுள் பேஸ் மூணுக்கும் கல்தா. நாலு வயோலா, கூட்டமா ஊதுகுழல்கள், ரெண்டு எலெக்ட்ரிக் கிடார், அடியில பேஸ் கிடார். அதே வருஷம் 'ஹோக்கெட்டஸ்'. ஒரே மாதிரி ரெண்டு அணி, ஆளுக்கொரு பேஸ் கிடார். ஒரு அணி அடிச்சா மத்தது சும்மா இருக்கும், அப்புறம் மாறும். வெட்டினாப்ல ஆரம்பிச்சு, வெட்டினாப்ல நிக்கணும். வில்லுக்கு எதெல்லாம் வராதோ அதுதான் இங்க தேவை.

மூணாவதா அமெரிக்காவோட ஸ்டீவ் ரைக், 'எலெக்ட்ரிக் கவுன்டர்பாயின்ட்', 1987. பேட் மெத்தினிக்காக எழுதினது. முன்கூட்டியே பதிவு பண்ணின பத்து கிடார், ரெண்டு பேஸ், அதுக்கு மேல நேர்ல ஒருத்தர் வாசிப்பார். மூணாம் பகுதியில கிடார்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, இது எத்தனை எண்ணிக்கைன்னு காது குழம்பி நிக்கும். திடீர்னு ரெண்டு பேஸும் இறங்கும். இருட்டு ரூம்ல சுவிட்ச் போட்ட மாதிரி, மூணு மூணா எண்ணிக்கை பளிச்சுன்னு தெரியும்.

இந்தப் பகுதியை மட்டும் நம்ம மூத்தவர் காதுல மாட்டி விட்டேன். முழுசாக் கேட்டுட்டு, "இதுல டபுள் பேஸ் வெச்சா நல்லா இருக்காது தம்பி"ன்னார். ஆஸ்கார் வாங்கின மாதிரி இருந்துச்சு. கனானோட அடிச்சுரத்தை செல்லோகிட்டயே விட்டுடலாம் சார்னு நானே சொன்னேன். அதுக்கு அதுதான் அழகு.

'அப்ப எங்க ராஜா?'ன்னு பின்னூட்டத்துல கும்ம ரெடியாகிட்டீங்கன்னு தெரியும். எண்பதுகள்ல இளையராஜாவோட பாட்டுகள்ல வயலின் கூட்டத்துக்கு அடியில பேஸ் கிடார் தனியா ஒரு மெட்டே பாடிட்டுப் போகுமே! அங்க எப்படிப் பொருந்துச்சு? ஒண்ணு, அது ஸ்டூடியோ. வயலினும் மைக் வழியாத்தான் நம்ம காதுக்கு வருது, அதனால எல்லாருமே ஸ்பீக்கர்தான். இன்னொண்ணு, அவரும் அதை டபுள் பேஸுக்குப் பதிலாள் ஆக்கல. அதுக்குன்னு தனியா வரி எழுதிக் கொடுத்தார். ஷ்னிட்கேயும் ஆண்ட்ரீசனும் பண்ணினதும் அதானே? வாத்தியத்துக்கு மரியாதை வர்றது அதோட மரத்தாலயும் இல்ல, காந்தத்தாலயும் இல்ல. அதுக்குன்னு ஒருத்தர் உக்காந்து எழுதறதுலதான்.

டிஸ்கி: இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ரைக்கோட அந்த மூணாம் பகுதியை மட்டும் கேளுங்க. பேஸ் எங்க நுழையுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. லேப்டாப் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "ஒண்ணும் கேக்கலையே"ன்னு சொல்றவங்களோட நான் கா!