வடக்குச் சுவர்

பழைய கட்டடக்கலை இதழ்களைப் பற்றி மேடைகளில் பேசியே பெயர் வாங்கியவன் நான். 1946இல் முல்க் ராஜ் ஆனந்த் பம்பாயில் தொடங்கிய ‘மார்க்’ இதழ்கள் என் அலமாரியில் பைண்டு போட்டு வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நான் படித்ததில்லை. படம் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு வகுப்பறைகள் கட்டும் வேலை வந்தது. அப்போது ஒரு பழைய இதழில் சண்டிகர்க் கட்டடம் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. தெற்கு முகப்பு முழுக்க ஆழமான கான்கிரீட் தடுப்புகள். ஒவ்வொன்றின் கீழும் மை பூசியது போல நிழல். எதிர்ப்பக்கத்தில் பிளான் இருந்தது. அதன் மூலையில், நகக்கண் அளவுக்கு, வடக்கைக் காட்டும் அம்புக்குறி. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன். படத்தை மட்டும் நகல் எடுத்தேன். தெற்கே அதே தடுப்புகளை வைத்தேன். வடக்கே தரையிலிருந்து லிண்டல் வரை மொட்டை ஜன்னல்கள். சன்ஷேட் கிடையாது.

சண்டிகர் ஏறக்குறைய 31 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். செங்கல்பட்டு 13 பாகைக்குக் கீழே. இங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் தலைக்கு மேல் வந்து, வடக்கே தாண்டி, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பும். ஜூன் மாதத்தில் விடிந்தது முதல் சாயும் வரை வெயில் வடக்குச் சுவரில்தான். உச்சிவெயிலை ஒன்றரை அடி சன்ஷேட் தடுத்துவிடும். காலை, மாலைச் சாய்வெயிலுக்கு ஜன்னலோரம் செங்குத்தான தடுப்பு வேண்டும். இது முதலாண்டு மாணவனுக்கான கணக்கு. நான் போடவில்லை.

மேஸ்திரி இந்தக் கணக்கெல்லாம் படித்தவர் அல்ல. வெயிலைப் பார்த்தவர். “சார், வடக்கால சன்ஷேட் விட்டுப்போச்சே. ஆனி, ஆடியில புள்ளைங்க மேல அடிக்குமே” என்றார். நான் அந்த இதழை அவர் முன்னால் விரித்தேன். “இது எங்கே கட்டினது தெரியுமா?” என்றேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தெரிந்துதான் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாரத்தில் ஏறிவிட்டார்.

அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றியது. வேலையாட்கள் எதிரில் ஒரு மேஸ்திரி என்னைத் திருத்துவதா என்ற திமிர். திருத்தினால் என் படிப்பின் மதிப்பு என்னாகும் என்ற பயம். இரண்டும் சேர்ந்து வாயை அடைத்தன.

ஜூனில் பள்ளி திறந்தது. ஜன்னல் வரிசைப் பிள்ளைகள் பெஞ்சை இழுத்து நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டீச்சர் பசை காய்ச்சி ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டினார். வெயில் நின்றது, வெளிச்சமும் போனது. பட்டப்பகலில் டியூப்லைட். கரண்ட் போனால் கரும்பலகை தெரியாது. தெற்கே என் தடுப்புகள் காற்றை மறித்தன. வெயில் தெற்கே திரும்பிய மாதங்களில், பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் கடைசி பீரியடில் உள்ளே இறக்கியது. தலைமையாசிரியை போனில் அழைத்தார். ஸ்கிரீன் மாட்டுங்கள் என்றேன். சன்ஷேட் போடப் பள்ளியிடம் பணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தடுப்புகளில் தீர்ந்த பணம்தான் அது.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டடத்தை வைத்து, பழைய இதழ்கள் இன்றைய கட்டடச் சிந்தனைக்கு எப்படி வழிகாட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினேன். பாராட்டுகள் வந்தன.

அலமாரியில் இருந்ததை அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். மைசூரில் அரசுக் கட்டடக்கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் ‘மார்க்’கில் எழுதியிருக்கிறார். இலங்கைக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா தாம் கண்டியில் கட்டிய வீட்டைப் பற்றி 1953இல் அதே இதழில் எழுதியிருக்கிறார். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயின் அலுவலகம் அந்நகருக்காக வெப்பம், ஈரப்பதம், காற்று, வெப்பக் கதிர்வீச்சு நான்கையும் மாதவாரியாக அட்டவணை போட்டிருந்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அவர்கள் ஊரைப் பார்த்துக் கோடு போட்டார்கள். நான் கோட்டை மட்டும் திருடினேன்.

என் கட்டுரையைச் சில வகுப்புகளில் இன்னும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆசிரியர்களே, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அதில் பளிச்சென்று தெரியும் வடக்கு ஜன்னல் படம், டீச்சர் ஒட்டிய காகிதத்தை ஆள் வைத்துச் சுரண்டச் சொல்லிவிட்டு நான் எடுத்தது.