பேசாமல் இருந்த இடம்

எங்கள் விடுதியில் விடிவதற்கு முன்பே மயில்கள் கத்தத் தொடங்கிவிடும். ஹைதராபாத் பல்கலைக்கழகம் கச்சிபௌலியில் பாறைகளுக்கும் முள்மரங்களுக்கும் நடுவே கிடக்கிறது. 250 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள் என்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மயில் ஓய்ந்ததும் ஒரு வெறுமை வருகிறது பாருங்கள், அதில்தான் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. எங்கள் ஊரான திருவிடந்தையில் எந்த இரவும் இப்படிக் காலியாக இருந்ததில்லை. கடல் இருந்தது. ஐப்பசி பிறந்து வாடை கிளம்பிவிட்டால் அலையின் சத்தமும் சவுக்குத் தோப்பின் இரைச்சலும் எது எதுவென்று பிரிக்க முடியாமல் ஒன்றாகி, விளக்கணைத்த பிறகும் வீட்டுக்குள் யாரோ எனக்காக விழித்திருப்பதுபோல விடிய விடியக் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே கடல் இல்லை.

அம்மாவுக்கு நித்யகல்யாணப் பெருமாள் கோயில் வாசலில் மாலைக்கடை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் வாழைநாரை நனைத்துக் கிழிப்பது என் வேலை. சம்பங்கியும் துளசியும் அம்மா அடுக்க அடுக்க நான் கட்டுவேன். கல்யாணம் கூடிவராதவர்கள் வருவார்கள். அர்ச்சனை செய்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிராகாரம் சுற்றுவார்கள். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, காய்ந்துபோன அதே மாலையைப் பையில் வைத்துக்கொண்டு ஜோடியாக வந்து நிற்பார்கள். "இவ பேச மாட்டா, ஆனா கட்டுனா அவுறாது" என்று அவர்களிடம் அம்மா சொல்வாள். என்னைப் பற்றிய அறிமுகம் அவ்வளவுதான். யாரும் அதற்குமேல் கேட்டதில்லை.

காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாகப் பெருமாள் மணந்து, கடைசி நாளில் எல்லோரையும் ஒரே அகிலவல்லித் தாயாராக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். அந்த 360 பேரில் வாய் திறக்காதவள் ஒருத்தியாவது இருந்திருப்பாள். அவளையும் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னாரா என்று எங்கும் எழுதவில்லை.

இங்கே சொல்லச் சொல்கிறார்கள். முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு வகுப்பிலும் பெயர், ஊர், பிடித்தது, பிடிக்காதது. என் முறை வருவதற்கு நாலு பேர் முன்னாலேயே தொண்டை வறண்டுவிடும். ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 2018 ஏப்ரலில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி எங்கள் ஊரில்தான் நடந்தது. பீரங்கியும் ஹெலிகாப்டரும் வந்து இறங்கிய அந்த நாலு நாளில் ஊர்ப் பெயர் டி.வி.யில் ஓடியது. அதோடு சரி. "மகாபலிபுரம் பக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். ஊரும் என்னோடு சேர்ந்து வாயடைத்துப்போகிறது.

வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவித்தது நான் மட்டுமில்லை. 1914இல் கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமானுஜன், குளிரில் ஓவர்கோட்டும் சால்வையுமாகப் படுத்திருந்தாராம். கம்பளிகளைக் கட்டிலோடு சேர்த்து இறுக்கிச் செருகியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் பார்க்கப் போனபோதுதான் காட்டிக்கொடுத்தார். எல்லோரும் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை இரவு அப்படிப் படுத்திருப்பார்? பக்கத்து அறைக் கதவைத் தட்டிக் கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று, முதல் வருஷம் விடுதியில் இருந்த உங்களுக்குத் தெரியும்.

குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. வைஃபை இருக்கிறது. இந்திரா காந்தி நினைவு நூலகத்தில் நாளெல்லாம் உட்காரலாம், பேசினால்தான் அங்கே தப்பு. வளாகக் கடைத்தொகுதியான ஷாப்காமில் நள்ளிரவு வரை டீ கிடைக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த அறைத்தோழி நல்லவள், நான் பேசாவிட்டாலும் எனக்கும் சேர்த்து வாங்கி வருகிறாள். மெஸ்ஸில் பப்பும் ஆவக்காயும் தாராளம். ஆனால் "சங்கரா, கவலை, நெத்திலி..." என்று கடைசி எழுத்தை அடுத்த தெரு வரைக்கும் இழுக்கும் எங்கள் ஊர் மீன்காரம்மாவின் குரல் எந்த வேளையிலும் வாசலில் கேட்பதில்லை. காற்றில் உப்பில்லை. துணி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா சாயங்காலம் போன் செய்வாள், கடையிலிருந்தே.

"சாப்டியா கண்ணு?"

"ம்."

"காசு இருக்கா?"

"ம்."

அதற்குள் யாரோ வந்துவிடுவார்கள். "இருங்க, தரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் அப்படியே பூக்கூடை மேல் சாய்த்துவிடுவாள். கோயில் மேளம், ஈ.சி.ஆரில் பறக்கும் பஸ், பேரம் பேசும் ஆட்கள், நாரை இழுத்து அறுக்கும் அந்தச் சின்னச் சத்தம்... நானும் வைப்பதில்லை. என்னை யாரும் எதுவும் கேட்காத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். சில நாள் சார்ஜ் தீரும்வரை அப்படியே கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது யார் நார் கிழித்துத் தருகிறார்கள் என்று கேட்க நினைப்பேன். கேட்டதில்லை.

பொங்கலுக்குத் தாம்பரம் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்கிறது. அந்த வண்டியில் உங்களுக்கு உறுதியான இடம் கிடைத்து, போவதில்லை என்று முடிவெடுத்தால், தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரமாக ரத்து செய்யுங்கள்.